பழைய கோப்பையில் புது வேலைப்பாடு: மூன்றில் எது ஆபத்து?

பழைய கண்ணாடி மதுக்கோப்பைகளில் முழுப் போலியைப் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை. எடை இடிக்கும், நிறம் இடிக்கும், அடிப்பாதத்தில் தேய்மானம் இருக்காது. கோப்பை அசலாகவே 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கோப்பையாக இருந்து, அலங்காரம் மட்டும் 100, 150 வருடம் கழித்து ஏறியிருந்தால்தான் சிக்கல். எனாமல் (சுட்டுப் பதிக்கும் வண்ணம்), வைரமுனைக் கீறல் (வைரமுனையால் கையால் கீறுவது), சக்கரச் செதுக்கல் (சுழலும் சிறு சக்கரத்தால் செதுக்குவது) என்று மூன்று வழியிலும் இது நடந்திருக்கிறது.

மூன்றில் எனாமல்தான் போலி செய்பவருக்குக் கடினம். 1760களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் பீல்பி குடும்பத்தார் வரைந்த எனாமல் கோப்பைகளுக்கு மதிப்பு அதிகம் என்பதால் ஆசை வரும். ஆனால் எனாமல் சூளையில் சுட்டால்தான் பிடிக்கும். பழைய கண்ணாடியை மறுபடி சூடேற்றினால் விரிசல் விடலாம், காம்பு வளையலாம். சுடாமல் பூசிய வண்ணம் அசிட்டோன் தொட்ட பஞ்சோடு வந்துவிடும். பொன்பூச்சில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அசல் பூச்சும் சுடாததாக இருந்தால் அதுவும் போய்விடும்.

வைரமுனைக்குச் சூளை வேண்டாம், கை போதும். பிரிட்டிஷ் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்கான பிரார்த்தனைப் பாடல் கீறிய 'ஆமென்' கோப்பைகள் மிக அரிது, அதனால் போலியும் வந்தது. இங்கே எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்: பார்த்து எழுதும் கை வளைவுகளில் தயங்கும்.

என்னைக் கேட்டால் சக்கரச் செதுக்கல்தான் மகா ஆபத்து. பொஹீமியாவில் பிறந்து டப்ளினில் வாழ்ந்த ஃபிரான்ஸ் டீட்ஸே (1842–1932) வில்லியமைட் (மன்னர் மூன்றாம் வில்லியமின் ஆதரவாளர்) சின்னங்களையும் 18ஆம் நூற்றாண்டு ஐரிஷ் தொண்டர்படைச் சின்னங்களையும் பழைய கோப்பைகளில் செதுக்கினார். அவை அசலென்றே நம்பப்பட்டன. 1994இல் வெளியான ஆய்வுதான் அவர் கைவேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

சரி, எப்படிப் பார்ப்பது? கோப்பைக்குள் வெள்ளைத் துணியைத் திணித்துப் பாருங்கள். பழைய செதுக்கல் சாம்பல் படிந்தாற்போல மங்கித் தெரியும். புதியது மாவு தூவியதுபோல வெளுத்திருக்கும். அழுக்குத் தேய்த்து இதை மறைத்துவிடலாம் என்பதால் இத்தோடு நிறுத்தாதீர்கள். அப்புறம் பத்து மடங்கு லென்ஸை எடுத்து, செதுக்கலின் விளிம்பைப் பாருங்கள். பழையதில் விளிம்பு மழுங்கியிருக்கும். செதுக்கிய ரோஜாவின் இதழ் போன்ற ஆழமில்லாத இடத்தில், புழக்கத்தில் விழுந்த மெல்லிய கீறல் இதழின் மேலேயே ஓடினால் நல்ல அறிகுறி. கீறலை இதழ் கத்தரித்ததுபோல வெட்டியிருந்தால், கீறல் முந்தியது, ரோஜா பிந்தியது. ஆழமான வெட்டுகளில் இந்தச் சோதனை பலிக்காது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சுடாத வண்ணப் பூச்சைக்கூடத் துடைத்துவிடலாம். சக்கரம் தின்ற கண்ணாடி திரும்ப வராது. 100, 150 வருடம் பழுதில்லாமல் வந்த வெறுங்கோப்பை ஒன்று அங்கே போய்விட்டது. சந்தேகம் தீராத செதுக்கல் கோப்பைக்கு வெறுங்கோப்பையின் விலையைக்கூட நான் தரமாட்டேன்.