சேலத்திலிருந்து தியாகனூர் வழியாக ஏற்காடு: இரண்டு நாள் தம்மப் பயணம், என் மதிப்புரை

சேர்ந்து போகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சேலம்–ஏற்காடு தடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களையும், பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையில் முதுகு நொந்து வருகிற கிழவிகளையும், கைக்குழந்தைக்காரியைப் பார்த்தும் தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களையும் தினமும் பார்த்தவன். அதனால் இந்தப் பயணத்துக்காக அதிகாலையில் வேன் ஏறியதும் என் கண் போனது இருக்கைகளின் மேல்தான்.

வேன் ஒவ்வோர் இடத்திலும் நின்று புறப்படும்போது அனைவரும் ஓர் இருக்கை தள்ளி உட்கார வேண்டும் என்பது இவர்கள் வைத்திருக்கும் முதல் ஏற்பாடு. ஜன்னல் ஓரம் யாருக்கும் சொந்தமில்லை. பின்சக்கர இருக்கையும் ஒருவர் தலையிலேயே விழுவதில்லை. மலை ஏறும்போது குமட்டுகிறவர்கள் மட்டும் முன்வரிசையிலேயே இருக்கலாம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் இரண்டு நாளில் 22 பேரும் வெவ்வேறு ஆட்களுக்கு அடுத்த இருக்கைக்காரர் ஆகிவிட்டோம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் பெண்ணும், செவ்வாய்ப்பேட்டை மண்டி வியாபாரியும், கல்லூரி மாணவனும் வேறு எந்த வண்டியிலும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இதை நடத்துகிறவர்கள் சேலத்தைச் சேர்ந்த சிலர். பலகையோ விளம்பரமோ கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. முன்னின்று நடத்துபவர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த ஓர் அம்மையார். அவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறோம். தம்மம் எனப்படும் புத்தரின் போதனையைப் பயணத்தின் மூலமே பழகிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சாரிகை என்று பாலி மொழியில் சொல்லப்படும் ஊர் ஊரான நடைதான் புத்தரின் வாழ்க்கை. 45 ஆண்டுகள், மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் சங்கம் என்ற துறவிகள் கூட்டத்தோடு நடந்துகொண்டே இருந்தார். அந்த நடையில் ஒரு துளியை நம் ஊர்ச் சாலையில் பழகலாம் என்கிறார் டீச்சர்.

முன்பொரு முறை வட இந்தியச் சுற்றுலா நிறுவனம் ஒன்றோடு லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர் நான்கையும் பார்த்து வந்தேன். புத்தர் தம் கடைசி நாட்களில், பக்தியுள்ளவர்கள் கண்டு உணர வேண்டிய இடங்கள் என்று சொன்ன நான்கு இடங்கள் அவை. இடங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போதி மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார முடியாதபடி கடிகாரம் துரத்தியது. சாரநாத்தில் இறங்கும்போதே ஏசி காற்று யார் பக்கம் வருகிறது என்று இரண்டு குடும்பங்கள் சண்டை. பத்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஊர் திரும்பி ரயில் நிலையத்தில் முகம் கொடுக்காமல் பிரிந்தார்கள். அந்த மனக்குறை எனக்கு இருந்தது. அதோடுதான் இந்த வேனில் ஏறினேன்.

முதல் நிறுத்தம் நகருக்குள்ளேயே, பெரியேரி. தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாகக் கும்பிடப்பட்ட சிலை புத்தருடையது என்று தொல்லியல் வல்லுநர் குழு அறிக்கை கொடுத்து, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது சேலத்தாருக்குத் தெரியும். தலை துண்டாகிப் பின்னாளில் சிமென்ட், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டப்பட்டது என்று அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. சுருள் முடியும் நீண்ட காதும் தியானத்தில் மடிமேல் வைத்த கைகளும்தான் அடையாளம் காட்டிக்கொடுத்தன. இங்கே நீண்ட பேச்சு ஏதும் இல்லை. இத்தனை காலம் இந்தக் கல்லுக்கு விளக்கேற்றியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்றார் டீச்சர். எனக்கு அது பிடித்தது. முனியப்பன் என்று கும்பிட்ட கைகள் இல்லாவிட்டால் அந்தச் சிலை என்றோ ஏதாவது அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும்.

அங்கிருந்து வாழப்பாடி, ஆத்தூர் வழியாகத் தலைவாசல் பக்கம் தியாகனூர். சேலம் மாவட்டத்துக்காரர்களே பலர் போகாத ஊர். இரண்டு பெரிய புத்தர் சிலைகள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் போய் நின்றால்தான் அவற்றின் உயரம் உறைக்கிறது. சிலை முன்னால் அரைமணி நேரம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தோம். அதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு மரத்தடியில் நடந்த சாப்பாடு.

சாப்பாட்டுக்கு முன் டீச்சர் ஒரு கதை சொன்னார். அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று துறவிகள் கோசிங்க சாலவனத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று புத்தர் கேட்டபோது, பாலும் தண்ணீரும் கலந்தாற்போல் இருக்கிறோம் என்றார் அநுருத்தர். எப்படி அது முடிகிறது என்று புத்தர் விடவில்லை. அதற்கு வந்த பதிலில் தத்துவம் குறைவு, வீட்டு வேலை அதிகம். பிச்சை முடிந்து முதலில் திரும்புகிறவர் ஆசனம் போட்டு, குடிக்கவும் கால் கழுவவும் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் மிச்சம் இருந்தால் சாப்பிட்டுவிட்டு இடத்தைப் பெருக்குவார். தண்ணீர்க் குடம் காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவரே நிரப்புவார். தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையால் சைகை காட்டி இன்னொருவரை அழைப்பார். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் உட்கார்ந்து தம்மம் பேசுவார்கள். என் விருப்பத்தை ஒதுக்கி வைத்து இவர்கள் விருப்பப்படி நடந்தால் என்ன என்று நினைத்து நடக்கிறேன் என்று மூவரும் தனித்தனியே சொன்னார்களாம்.

கதை முடிந்தது, வேலைப் பட்டியல் எதுவும் வாசிக்கவில்லை. வேனில் முதலில் இறங்கியவர்கள் பாய் விரித்தார்கள். புளிசாதம், தயிர்சாதம், கொத்தவரங்காய்ப் பொரியல். தண்ணீர் கேன் வேனிலேயே இருந்தது. மண்டி வியாபாரி எழுந்து போய் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தம் கடையில் மூட்டை தூக்க ஆள் வைத்திருப்பவர். வாயைத் திறக்காமல் கையை உயர்த்தி விரலை மட்டும் மடக்கினார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மாணவன் எச்சில் கையை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு ஓடினான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குட்டையானவர் உயரத்துக்குத் தகுந்தபடி உயரமானவன் குனிந்து, தண்ணீர் தளும்பாமல் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியாகச் சாப்பிட்டு முடித்த தறிக்காரப் பெண் இலைகளை அள்ளி, புல்லில் சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறும்புப் புற்றுப் பக்கம் போட்டார். தியாகனூரில் நான் தியானம் என்று கண்டது இதைத்தான்.

மலைக்கு வழக்கமான அடிவாரம் சாலையை விட்டு, அயோத்தியாப்பட்டினத்திலிருந்து குப்பனூர் பாதையில் ஏறினோம். அடிவாரம் வழியில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளை நான் ஒவ்வொன்றாக அறிவேன். வயதானவர்களுக்கு இந்தப் பாதை நல்ல தேர்வு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், தை மாதக் குளிர். தங்கியது காப்பித் தோட்டத்தை ஒட்டிய எளிய விடுதி. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், வெந்நீர் உண்டு.

இரவு கஞ்சிக்குப் பிறகு முதல் வேலையாக வரவு செலவுக் கணக்கு வாசித்தார்கள். வேன் வாடகை, டீசல், அரிசி, விடுதி, ஓட்டுநர் படி என்று கடைசி ரூபாய் வரை. கட்டணம் என்று எதுவும் இல்லை. கணக்கைக் கேட்ட பிறகு அவரவர் முடிந்ததைப் பெட்டியில் போடலாம். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. சில்லறைக் கணக்கிலேயே வாழ்ந்தவன் சொல்கிறேன்: கூட்டத்தின் நடுவில் கணக்கை வாய்விட்டு வாசிக்கிறவர்களை நம்பலாம்.

பிறகு பேச்சு. வியட்நாமியத் துறவி தீச் நாட் ஹான், அடுத்த புத்தர் தனி மனிதராக இல்லாமல் ஒரு சமூகமாகவே வரக்கூடும் என்று சொன்னதை டீச்சர் எடுத்துவைத்தார். எல்லோரும் சேர்ந்து விழிப்படைய முடியுமா, அவரவர் விடுதலை அவரவருக்குத்தானே என்று கேட்டான் மாணவன். சாரநாத்தில் முதல் 60 சீடர்களை அனுப்பும்போது, ஒரே வழியில் இருவர் போகாதீர்கள் என்றுதானே புத்தர் சொன்னார் என்றும் கேட்டான். படித்துவிட்டு வந்திருக்கிறான், நல்ல கேள்வி. அவர்கள் விடுதலையை எட்டிவிட்டவர்கள், தம்பி, நாம் இன்னும் வழியில் இருக்கிறோம் என்றார் டீச்சர். நல்ல நட்பு இந்தப் பாதையில் பாதி என்று புத்தரின் அணுக்கத் தொண்டர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, அதுவே முழுதும் என்று புத்தர் திருத்தியதையும் நினைவுபடுத்தினார். மாணவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். பஸ்ஸில் மாரடைப்பு வந்தவரைத் தோளில் தாங்கி மருத்துவமனை வரை வந்த, பெயர் தெரியாத பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில நிமிடம் வண்டி முழுவதும் ஒரே மனமாக இருக்கும். அதைத் தற்செயலாக விட்டுவிடாமல் பழக முடியும் என்று ஒருவர் முயன்றால், அவர் பின்னால் போக எனக்குத் தயக்கமில்லை.

இனி என் குறை. மறுநாள் விடியலில் ஏரியிலிருந்து பகோடா பாயிண்ட் பக்கம் நடை. நண்பகல் வரை யாரும் பேசக் கூடாது என்பது விதி. நடை அருமையானது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே சிவந்த காப்பிப் பழம், கூடையை இடுப்பில் கட்டிப் பறிக்கும் பெண்கள். மெதுவாக, ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்று நடந்தோம். ஆனால் எங்களில் மூத்த ஒரு பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எடுத்திருக்கிறது. விதியை மீறக் கூடாதே என்று அவர் வாய் திறக்கவில்லை. முன்னால் போனவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர் கவனமாக நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். சரிவில் அவர் ஒரு வேலிக்கல்லைப் பிடித்து நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைத் தறிக்காரப் பெண்தான் கவனித்து, ஓடிப் போய்த் தாங்கினார். நான் விதியைப் பார்க்கவில்லை. பெரியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டுநருக்குப் போன் செய்து வேனை வரவழைத்தேன்.

மௌனத்தை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் இந்த விதிக்குப் புத்தரிடமே ஆதரவு இல்லை. கோசல நாட்டில் சில துறவிகள், சண்டை வராமல் இருக்க மழைக்காலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்து வாழ்ந்தார்கள். அதைப் பெருமையாகச் சொன்னபோது புத்தர் கடிந்துகொண்டார். ஆடு மாடுகளைப் போல வாழ்ந்துவிட்டு இன்பமாக வாழ்ந்தோம் என்கிறீர்களே என்றார். ஊமை விரதத்தைத் தடை செய்தார். 80 வயதில் குசிநகருக்கு நடந்துபோன வழியில், ஆனந்தா, மேலாடையை நான்காக மடித்து விரி, களைப்பாக இருக்கிறது, உட்கார வேண்டும் என்று கேட்டவர் அவர். புத்தரே வாய்விட்டுக் கேட்ட ஓய்வை அந்தப் பெரியம்மா கேட்க முடியாமல் போனது சரியில்லை.

இதை எங்கே சொல்வது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோசலத் துறவிகளைக் கடிந்த இடத்தில்தான் புத்தர் பவாரணை என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார்: மழைக்கால முடிவில் ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறை இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று கேட்பது. இந்தப் பயணத்தின் கடைசி நிகழ்ச்சி அதுதான். முதலில் டீச்சர் கேட்டார். நான் முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். அவர் விளக்கம் சொல்லாமல் கேட்டார். பெரியம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த பயணத்திலிருந்து கையை உயர்த்தினால் மொத்தக் கூட்டமும் நிற்க வேண்டும், வலியைச் சொல்வது மௌனத்தை மீறுவதாகாது என்று அங்கேயே மாற்றினார்கள். பிறகு வரிசையாக எல்லோரும் கேட்டோம். என் குரல் அதட்டலாக இருக்கிறது, முதல் நாள் தலை எண்ணும்போது சிலர் சங்கடப்பட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். இப்படி முகத்துக்கு நேரே, கோபமில்லாமல், திருத்திக்கொள்ளட்டும் என்ற அக்கறையோடு ஒருவர் சொல்லிக் கேட்பது வாழ்க்கையில் அரிது. மற்றதையெல்லாம் விட்டாலும் இந்த ஒன்றுக்காகவே நான் மறுபடி போவேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். எந்த மதத்தவரும் வரலாம். யாரும் எதையும் கும்பிடச் சொல்வதில்லை. சைவச் சாப்பாடு மட்டும்தான். கம்பளி கையோடு கொண்டுபோங்கள், விடுதிப் போர்வை மெலிது. குறட்டையில் தூக்கம் கெடும் என்பவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள் நடை நீளம். நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆத்தூரைத் தாண்டினால் பெண்களுக்குச் சுத்தமான கழிவறை கிடைப்பது கடினம். ஆத்தூரிலேயே கால் மணி நேரம் கூடுதலாக நிறுத்துங்கள். தியாகனூருக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.