ஈயக்குட்டைக்கு எந்தக் கோல், எந்த இரை?

பினாங்கில் வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும் என் அக்காள் மகன் தூண்டில் வாங்கினான். ஆறு மாதம் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பட்டியல் போட்டவன் அவன். அதோடு ஒரு கடைக்காரரின் யோசனையும் சேர்ந்துகொண்டது. ஏழடிக் கனத்த கோல், பேட்காஸ்டிங் ரீல், நான்கு பொட்டலம் ரப்பர் புழு. என்னிடம் இருந்தது ஆறரை அடி ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல், பழைய பிஸ்கட் டப்பாவில், இரையாகக் கட்டி வீசும் ஒன்பது பொய் மீன்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு சுங்கை சிப்புட்டை விட்டுக் கிளம்பி, ஈப்போவைத் தாண்டி, பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில், பழைய ஈயச் சுரங்கக் குழியில் நீர் தேங்கிய ஓர் ஈயக்குட்டைக் கரையில் இருவரும் பத்தடி இடைவெளியில் நின்றோம். பத்து மணிக்குள் எனக்கு ஐந்து மீன், அவனுக்கு ஒன்றுமில்லை. கைப்பழக்கம்தான் காரணம் என்று அவன் நினைத்தான். கோலை மாற்றிக்கொண்டோம். அடுத்த அரைமணி நேரத்தில் அவனுக்கு இரண்டு கிடைத்தன; நான் புழுவை இழுத்துக்கொண்டு சும்மா நின்றேன். அன்று தொடங்கிய ஒப்பீடு ஓராண்டாக நடந்துகொண்டிருக்கிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. காணொளிகளில் வரும் பாஸ் வட அமெரிக்காவின் பெரியவாய் பாஸ். நம் ஈயக்குட்டைகளில் இருப்பது பீக்காக் பாஸ். மலாய் நண்பர்கள் ராஜா என்கிறார்கள். பெயரில்தான் பாஸ், உண்மையில் அது திலாப்பியாவின் உறவுக்காரன். அமேசான், ஒரினோக்கோ ஆறுகளிலிருந்து வந்தது. வாலடியில் மயில் தோகைக் கண் போல ஒரு வட்டம் இருக்கும். யாரோ கொண்டுவந்து விட, இங்கே பெருகிவிட்டது. நம் நாட்டுச் சிறுமீன்களைத் தின்று தீர்ப்பதால் மீன்வளத் துறைக்கு இதன்மேல் நல்ல எண்ணம் கிடையாது. அதனால் இதைப் பிடித்துச் சட்டியில் போடுவதில் எனக்குத் துளியும் குற்ற உணர்வு இல்லை.

பெரியவாய் பாஸ் புதருக்குள் பதுங்கிக் கிடக்கும். தரையோடு மெல்ல ஊரும் ரப்பர் புழுவைச் சாவகாசமாக உறிஞ்சிக்கொள்ளும். ராஜாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கண்ணால் பார்த்து, துரத்தி, அடித்துத் தின்னும் மீன் அது. ஓடுவதுதான் அதற்கு இரை. ஊர்வதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. புளோரிடா மாநிலத்தார் 1984இல் தங்கள் தென்பகுதிக் கால்வாய்களில் பெருகிவிட்ட அயல்நாட்டு மீன்களைத் தின்னவைக்க இதைக் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவாய் பாஸுக்குப் போடும் ரப்பர் புழு இதனிடம் பெரும்பாலும் எடுபடாது என்று அவர்களே தம் மீன்பிடிப்பாளர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மருமகன் பார்த்த காணொளிகளில் இதை யாரும் சொல்லவில்லை.

முதலில் ரீல். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது உருளை அசையாது. தங்கூசி, அதாவது தூண்டில் இழை, சுருள் சுருளாக அதிலிருந்து உருவிக்கொண்டு போகும். ஐந்து கிராம் பொய் மீன்கூட எதிர்க்காற்றில் ஓரளவு தூரம் போய் விழும். பேட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழல வேண்டும், அதைச் சுழற்றும் வேலை பறந்து போகிற இரைக்கு. இரை லேசாக இருந்தால் இழுக்கத் தெம்பில்லை. காற்று எதிர்த்தால் இரை வேகம் குறையும், உருளையோ பழைய வேகத்திலேயே சுற்றும். விளைவு, ரீலுக்குள் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. முதல் நாள் மருமகன் வீசிய நேரத்தைவிடச் சிக்கெடுத்த நேரம் அதிகம். நகவெட்டியால் அறுத்து எறிந்த தங்கூசியை நான்தான் பொறுக்கிப் பையில் போட்டேன். கரையில் விட்டால் கொக்குக் காலில் சுற்றும்.

அதற்காக அந்த ரீலைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு, பதினைந்து கிராம் இரையைக் கட்டி, இரை மெல்ல இறங்கும் அளவுக்குப் பக்கத் திருகை இறுக்கி, கட்டைவிரலை உருளைமேல் வைக்கப் பழகியவனிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். சாய்ந்த மரக்கிளைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் இரையை இறக்குவான். விரலை அழுத்தினால் பறக்கும் இரை அங்கேயே நிற்கும். ஸ்பின்னிங் ரீலில் இந்தத் துல்லியம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை. புதரிலிருந்து பெரிய மீனை வெளியே இழுக்கும் பலமும் அதற்குத்தான் அதிகம். ஆனால் ஈயக்குட்டை ராஜாவுக்கு நாம் வீசுவது ஐந்து முதல் பத்து கிராம். அந்த எடைக்கு, அதுவும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு, ஸ்பின்னிங்தான். இரண்டும் வைத்துக்கொள்ள வசதியிருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்க வேண்டியதில்லை.

கோலைப் பற்றி அதிகம் பேச எனக்கு ஆர்வமில்லை. அடிப்பகுதியில் 'எத்தனை பவுண்டு இழை, எத்தனை கிராம் இரை' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து, நாம் வீசப்போகும் எடை அந்த வரம்பின் நடுவில் வருகிறதா என்று பார்த்தால் போதும். கடைக்காரர் நெஞ்சளவுக்குத் தூக்கி ஆட்டிக் காட்டுவதெல்லாம் வேடிக்கை. மருமகனுக்கு விற்ற கோல் பதினான்கு கிராமில் தொடங்குகிறது என்பது அதன்மேலேயே எழுதியிருந்தது. விற்றவரும் படிக்கவில்லை, வாங்கியவனும் படிக்கவில்லை.

தங்கூசியில்தான் நான் பல வருடம் பிடிவாதம் பிடித்தேன். அப்பா தோட்டத்து ஸ்டோரில் வாங்கிய நைலான் தங்கூசியில்தான் எல்லா மீனையும் பிடித்தார். எனக்கும் அதுதான் தங்கூசி. அதற்கு ஒரு குணம் உண்டு: நீளும். மீன் திடீரென்று பாய்ந்தால் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும், முடிச்சு நழுவாது, விலையும் குறைவு. ஆனால் முப்பது மீட்டருக்கு அப்பால் மீன் அடித்து நாம் கோலைச் சுண்டினால், அந்தச் சுண்டல் நைலானின் நீட்சியிலேயே கரைந்துவிடும், முள் ஏறாது. பின்னல் இழையில் அந்தத் தொல்லை இல்லை. மீன் மூச்சுவிட்டால்கூடக் கைக்குத் தெரிகிறது என்று மருமகன் சொல்வான். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் தவறில்லை. 20 பவுண்டு தாங்கும் பின்னல் இழை, 6 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன். மெல்லியதாக இருப்பதால் லேசான இரையும் தூரம் போகிறது.

அதன் குறை கல்லும் கட்டையும். இழுவிசையில் இருக்கும்போது ஒரு பாறை விளிம்பில் உரசினால் பஞ்சு போல் பிய்ந்துவிடும். அதற்காக முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு 20 அல்லது 25 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடரைக் கட்டுகிறோம். உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் எளிதில் கண்ணுக்குப் படாது. இரண்டையும் இணைக்கும் முடிச்சைப் போடக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாலைகள் ஆயின. மாறியதில் வருத்தமில்லை. ஆற்றில் சிறு கெளுத்திக்கு அடிமட்டத்தில் போட்டுவிட்டு உட்காரும் நாளில் மட்டும் அப்பாவின் தங்கூசிக்குத் திரும்பிவிடுவேன்.

இனி இரை. ஈயக்குட்டையின் அமைப்பைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக்கப்பல் (மிதந்தபடி ஈயமண்ணைத் தோண்டும் இயந்திரம்) இப்போது காட்சிப் பொருளாக நிற்கிறதே, அது போன்ற ராட்சதங்களும் நீர்ப்பீச்சிகளும் கிந்தா பள்ளத்தாக்கைத் தோண்டித் தள்ளிய குழிகள்தான் இவை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் ஆள் மறையும் ஆழம். மணல் கரை காலடியில் சரியும், இறங்கவே கூடாது. மீனுக்கு இது வேறு விதமாகப் பயன்படுகிறது: ராஜா அந்தச் செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டி ரோந்து வருகிறது. எனவே நம் இரை ஓட வேண்டியது நடுக்குட்டையில் அல்ல, கரைக்கு இணையாக, விளிம்போடு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நடுவைப் பார்த்து முழுபலத்தோடு வீசுகிறார்கள். மீன் பெரும்பாலும் அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த வேலைக்கு மின்னோ என்ற சிறுமீன் வடிவப் பொய் மீனுக்குத்தான் முதலிடம். 1936இல் பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிய மினுக்குத்தாளை ஒட்டிச் செய்தாரே, அந்தக் குடும்பம். கூட்டத்தில் தள்ளாடும் ஒற்றை மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று அவர் கவனித்தார். அந்தத் தள்ளாட்டம் இன்றும் ஒவ்வொரு மின்னோவின் தாடைத் தகட்டில் இருக்கிறது. விரல் நீளம், ஆறேழு கிராம், மெல்ல மூழ்கும் வகை. இழுப்பது வேகமாக, நடுவில் இரண்டு சுண்டல், ஒரு நொடி நிறுத்தம். நிறுத்தம் முடிந்து மறுபடி நகரும் கணத்தில்தான் அடி விழும்.

நீர்மேல் துள்ளும் பாப்பர், பென்சில் வகைப் பொய் மீன்கள் பிடிக்கும் எண்ணிக்கையில் தோற்கும். ஆனால் வெயில் ஏறும் முன், குட்டை கண்ணாடி போல் கிடக்கும்போது, பாப்பருக்குப் பின்னால் ஒரு நீர்முதுகு எழுந்து துரத்தி வருவதைப் பார்த்தவன் மறுபடி மின்னோவைக் கட்ட மனமில்லாமல் நிற்பான். மூன்று முறை அடித்து மூன்றையும் தவறவிடும், நெஞ்சு படபடக்கும், கையில் ஒன்றும் இருக்காது. நான் முதல் அரைமணி நேரம் பாப்பர், அதன்பின் மின்னோ என்று வைத்திருக்கிறேன். ராஜா பகல் மீன். இருட்டியபின் கோலைச் சுருட்டிக்கொண்டு தே தாரேக் குடிக்கப் போய்விடலாம்.

யாரும் மதிக்காத ஒன்று ஸ்பூன். பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் வளைந்த தகடு. காற்றில் கல் போலப் பறக்கும், விரும்பிய ஆழத்துக்கு இறங்கும், கட்டையில் சிக்கி அறுந்தாலும் வயிறு எரியாது. நாற்பது ரிங்கிட் ஜப்பானிய மின்னோவைக் கட்டியவர் கட்டை இருக்கும் பக்கம் வீசவே பயப்படுவார். மீன் அங்கேதான் இருக்கும். மேலே சுங்கை பிளஸ் ஆற்றில், லாசா பக்கத்து வேகநீரில் செபாராவ் மீன் பிடிக்கவும் எனக்கு ஸ்பூன்தான்.

உயிர் இரையோடு ஒப்பிட்டால்? திலாப்பியாக் குஞ்சை முள்ளில் கோத்து விட்டால் எந்தப் பொய் மீனும் அதன் முன் நிற்காது. ஆனால் அதற்கு முதல் நாளே குஞ்சு பிடிக்க வேண்டும், வாளி தூக்க வேண்டும். தவிர, உயிரோடு மிச்சமாவதை யாராவது குட்டைக்குள் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்படிக் கொட்டித்தான் இங்கே பாதி வினை.

விரால் இனத்துப் பெரிய மீனான தோமான் வேறு உலகம். குவாலா கங்சார் பக்கம் சென்டரோ ஏரிக்குப் போனபோது மருமகனின் கனத்த கோலுக்கும் ரீலுக்கும் நல்ல காலம் பிறந்தது. தோமான் காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். 'ப்ளக்' என்று நீர் உடையும் இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி உடனே வீச வேண்டும். அங்கே கனமான இரையும் கட்டைவிரல் துல்லியமும்தான் பேசும். ஆயுதம் ஜம்ப் ஃபிராக்: சின்ன உடல், பின்னால் நீரைக் கிழித்துச் சத்தம் போடும் உலோகத் தகடுகள். திறந்த நீரில் இதற்கு இணை இல்லை. ஆனால் தாமரையும் கோரையும் மண்டிய இடத்தில் முள் இலைமேல் மாட்டிக்கொள்ளும். அங்கே முள் முதுகோடு ஒட்டிய ரப்பர்த் தவளைதான். ராஜாவுக்குப் போட்ட லீடர் தோமானின் பல்லுக்குத் தாங்காது, 50 பவுண்டுக்குக் குறையாமல் கட்டுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொதிப்பது போலத் தெரிந்தால் அதற்கடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் அடிக்கும். நான் அங்கே வீசுவதில்லை. தோமான் நம் மண்ணின் மீன்.

செலவை எங்கே வைப்பது என்று கேட்டால், முள்ளில். மலிவான பொய் மீன்களின் உடல் மோசமில்லை. அதில் தொங்கும் மும்முனை முள்ளும் வளையமும்தான் ஏமாற்றும். ஒன்றரைக் கிலோ ராஜா என் முள்ளைக் கம்பி போல நிமிர்த்திவிட்டுப் போனபின், வாங்கியதும் முள்ளையும் வளையத்தையும் மாற்றாமல் எதையும் நான் தண்ணீரில் போடுவதில்லை. இருபது ரிங்கிட் மின்னோவும் ஐந்து ரிங்கிட் நல்ல முள்ளும் சேர்ந்தால் நாற்பது ரிங்கிட் மின்னோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ரப்பர் புழுப் பொட்டலங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அக்காளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், புண் ஆற விரால் ரசம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். சந்தையில் இருந்ததெல்லாம் வளர்ப்பு விரால். "மாமா, தோட்டத்துக் கால்வாயில் பார்ப்போமா?" என்றான் மருமகன். செம்பனைகளுக்கு நடுவே அந்தக் கால்வாய் முழுக்கப் பாசியும் ஆகாயத்தாமரையும். என் மின்னோ இரண்டு வீச்சில் இரண்டு கை பாசியைக் கொண்டுவந்தது. அவன் ஒரு புழுவை எடுத்து, முள்முனையை அதன் உடலுக்குள்ளேயே மறைத்து, பாசிக்கு மேலே சறுக்கிக்கொண்டு வரும்படி வேகமாக இழுத்தான். பாசியில் மாட்டவே இல்லை. நான்காவது வீச்சில் பச்சைப் பரப்பு பொத்துக்கொண்டு வெடித்தது. முக்கால் கிலோ விரால்.

"ஒரு பொட்டலம் கொடு" என்றேன். "உங்களுக்குத்தான் புழு ஆகாதே, மாமா" என்று பையை மூடிக்கொண்டான்.