அப்கிரேடு வருகிறது: விற்பதா, எக்ஸ்சேஞ்சிலேயே விடுவதா, சொந்த வாலட்டுக்கு மாற்றுவதா?

பிளாக்செயின், அதாவது கிரிப்டோ காயின்களின் கணக்கைப் பதிந்து வைக்கும் பொதுப் பதிவேடு, அப்கிரேடு ஆகிறது என்று செய்தி வந்ததும் நம் டெல்டா பக்கம் கிளம்பும் முதல் கேள்வி, "நம்ம காயின் என்ன ஆகும்?" என்பதுதான். கும்பகோணத்தில் வருமான வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்த காசில் ஒரு பங்கைக் கிரிப்டோவில் போட்டவர்கள் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து இதைக் கேட்கிறார்கள். பதறிப்போய் எதையாவது செய்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அவர்கள் முன்னால் மூன்று வழிகள்: விற்பது, காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே விடுவது, சாவி நம் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது. அதனால் இவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. குத்தாலத்தில் நிலம் வைத்திருந்தவருக்கு ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதிவேட்டின் தலைப்பில் மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. பெரும்பாலான அப்கிரேடுகளும் இந்த ரகம்தான். 2022 செப்டம்பர் 15-ல் ஈத்தீரியம் என்ற பிளாக்செயினில் 'மெர்ஜ்' என்ற அப்கிரேடு நடந்தது. பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் முறையே தலைகீழாக மாறி, மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் அதன் காயினான ஈதரை வைத்திருந்தவர்களின் முகவரி, இருப்பு, சாவி (காயினை எடுத்துச் செலவழிக்க வேண்டிய ரகசியக் குறியீடு) எல்லாம் அப்படியே இருந்தன. அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவுமே இல்லை. பிட்காயினில் 2021 நவம்பரில் டாப்ரூட் என்ற அப்கிரேடு வந்தபோதும் இதே கதைதான்: bc1p என்று தொடங்கும் புது முகவரிகள் வந்தன, 1 என்று தொடங்கும் பழைய முகவரிகள் இன்றும் வேலை செய்கின்றன.

இப்போது முதல் வழி: "முன்னாடியே வித்துட்டு, எல்லாம் அடங்கினதும் வாங்கிக்கலாம்." கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றும். கணக்கு போட்டால் மூன்றிலும் மோசமானது இதுதான். 60,000-க்கு வாங்கியதை ஒரு லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். லாபம் 40,000. அதற்கு 30 சதவீத வரி 12,000, செஸ் 480, ஆக 12,480 ரூபாய். வேறு வருமானமே இல்லை என்றாலும் இந்த வரிக்கு விலக்கு வரம்பு கிடையாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. போதாததற்கு, 2022 ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கிறார்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் அந்தப் பிடித்தம் உண்டு, ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். நம் பக்கம் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் பக்கமே போகாத குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பணம் அப்படியே நின்றுபோகிறது. ஒரு அப்கிரேடுக்குப் பயந்து இத்தனையையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசே வராது.

இரண்டாவது, எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது. அப்கிரேடு நேரத்தில் டெபாசிட்டையும் வித்ட்ராவலையும் சில மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள், பிறகு திறந்துவிடுவார்கள். காயினின் பெயரே மாறினாலும் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் தாங்களே மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. தொழில்நுட்பம் புரியாதவருக்கு இது பெரிய நிம்மதிதான். ஆனால் சாவி உங்கள் கையில் இல்லை. 2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. பணம் போட்டவர்கள் ஓராண்டுக்கும் மேல் தங்கள் கிரிப்டோவை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதையொட்டிய ஒரு வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சொன்னது. முதலீட்டாளர்களுக்கு நல்ல தீர்ப்பு. இருந்தாலும் கோர்ட்டுக்குப் போய்த்தான் அதை நிலைநாட்ட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, சொந்த வாலட். மெர்ஜ், டாப்ரூட் மாதிரியான அப்கிரேடுகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் சும்மா இருந்தாலே போதும். சிக்கல் வருவது காயினே மாறும்போது. 2024 செப்டம்பர் 4-ல் பாலிகான் என்ற நெட்வொர்க்கின் காயினான மேட்டிக், 'பால்' என்ற காயினாக மாறியது, ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சமயம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, மேட்டிக் மொத்தமும் போச்சுண்ணே. வேற ஏதோ பேரு காட்டுது."

"எண்ணிக்கையப் பாரு தம்பி. கொறஞ்சிருக்கா?"

"இல்லண்ணே, அப்படியேதான் இருக்கு."

அவருடையது பாலிகான் நெட்வொர்க்கில் இருந்ததால் தானாகவே மாறிவிட்டது. அவருடைய மச்சான் கதை வேறு. அவர் சிங்கப்பூரில் இருந்தபடியே வாங்கி, ஈத்தீரியம் நெட்வொர்க்கில் வைத்திருந்தார். அது தானாக மாறாது. பாலிகானின் சொந்தத் தளத்துக்குப் போய், முதலில் அனுமதி கொடுத்து, அடுத்து மாற்றி, ஆக இரண்டு பரிவர்த்தனை செய்ய வேண்டும். இரண்டுக்கும் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் ஈதரில்தான். அந்த வாலட்டில் மேட்டிக்கைத் தவிர ஒரு பைசா ஈதர் இல்லை. ஈதர் இல்லாமல் அங்கே ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது. கொஞ்சம் ஈதர் வாங்கிப் போட்டுத்தான் காரியம் நடந்தது. சின்னத் தொகையாக இருந்திருந்தால் கட்டணமே அதில் பாதியைத் தின்றிருக்கும்.

பிளாக்செயினே இரண்டாகப் பிரியும் அப்கிரேடும் உண்டு. 2017 ஆகஸ்ட் 1-ல் பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தபோது, சொந்த வாலட் வைத்திருந்தவர்களுக்கு அதே அளவு புதுக் காயினும் சேர்ந்தது. காயின்பேஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தவர்களோ டிசம்பர் வரை காத்திருந்தார்கள். இந்த இடத்தில் வாலட்டுக்குத்தான் என் ஓட்டு, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. அதே ஆண்டு பிட்காயின் கோல்ட் பிரிந்தபோது, "உங்கள் புதுக் காயினைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஒரு போலித் தளம் சாவிகளை வாங்கிக்கொண்டு 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியது.

அப்கிரேடைவிட அதைச் சாக்கிட்டு வரும் திருடனிடம்தான் எனக்குப் பயம் அதிகம். மெர்ஜ் சமயத்தில் "பழைய ஈதரைக் கொடுத்து ஈத்2 வாங்குங்கள்" என்று செய்தி அனுப்பினார்கள். அப்படி ஒரு காயினே கிடையாது. 2025 மே 7-ல் வந்த பெக்ட்ரா அப்கிரேடுக்குப் பிறகு இன்னும் கவனம் தேவை. சாதாரண ஈத்தீரியம் கணக்கும் ஒரே கையெழுத்தில் தன் அதிகாரத்தை ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டிடம் (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) ஒப்படைக்கலாம் என்ற வசதி அதில் வந்தது. நல்ல வாலட் நிறுவனம் பயன்படுத்தினால் அது சௌகரியம். முன்பின் தெரியாத தளத்தில் அமுக்கினால் வாலட்டே காலியாகிவிடும். வாலட்டையே திறந்துவிடும் ரகசிய 12 சொற்களை, நேர்மையான எந்தத் தளமும், எந்த ஆளும், எந்த ஆப்பும் அப்கிரேடுக்காகக் கேட்பதில்லை.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தொகை பெரிது, 12 சொற்களைக் காகிதத்தில் எழுதி பீரோவில் பத்திரமாக வைக்கும் பழக்கம் உண்டு என்றால் சொந்த வாலட். சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டாக இருந்தால் இன்னும் நல்லது. தொகை சிறிது, காயின் பெயர் மாறப்போகிறது என்றால், மத்திய நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் அந்த மாற்றம் முடியும்வரை விட்டுவையுங்கள், அதன் பிறகு வாலட்டுக்கு மாற்றலாம். விற்பது, பணம் தேவைப்பட்டால் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் அப்கிரேடுக்கு முந்தின நாள் இருப்பையும் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாங்கிய ரசீதுடன் சேர்த்து வையுங்கள். பெயர் மாறிய காயினை நாலு வருஷம் கழித்து விற்கும்போது, மேட்டிக்காக என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும். ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் யோசித்துக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.