புற்றுச்செல்லும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும்: டிரான்ஸ்வெல்லா, ஆயத்த சிப்பா, நாமே வார்க்கும் சிப்பா?

மார்பகப் புற்றுச்செல்களையும் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் (திசுவின் நார்களை உருவாக்கும் செல்கள்) சேர்த்து வளர்த்துப் பார்க்க எதை எடுப்பது என்று எங்கள் ஆய்வகத்தில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. டிரான்ஸ்வெல் (கிண்ணத்துக்குள் தொங்கும், அடியில் துளையுள்ள சவ்வு கொண்ட சிறு கோப்பை), விலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் சிப் (நுண்பாய்மச் சிப்: திரவம் ஓடும் மெல்லிய தடங்கள் உள்ள சிறு தகடு), பி.டி.எம்.எஸ். எனும் சிலிக்கோனில் நாமே வார்க்கும் சிப் என்று மூன்று வழிகள். கடைசியில் நாமே வார்ப்பது என்று போனோம். இப்போது யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விலையிலும் வேகத்திலும் டிரான்ஸ்வெல்லை மிஞ்ச எதுவும் இல்லை. செல் வளர்க்கத் தெரிந்த யாரும் அன்றைக்கே தொடங்கிவிடலாம். செல்களே திரண்டு உருவாக்கும் ஸ்ஃபீராய்டு உருண்டைகளும் எளிதுதான். ஆனால் அதில் இரண்டு வகைச் செல்களும் கலந்து கிடக்கும். யார் யாரை மாற்றினார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எங்கள் முடிவை நிர்ணயித்தது ஒரே ஒரு விஷயம்: இரண்டு செல்களுக்கும் நடுவே உள்ள தூரம்.

ஃபைப்ரோபிளாஸ்ட் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஐ.எல்.-6, ஹெச்.ஜி.எஃப்., சி.எக்ஸ்.சி.எல்.12 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து தள்ளியிருந்தே பேசுகிறது. கிட்டே வந்தால் செல்களைச் சுற்றியுள்ள நார்ப்புரதமான கொலாஜனை இழுத்து, அரித்து, பாதை போடுகிறது. 2007-இல் லண்டனில் எரிக் சஹாய் குழு காட்டியது இதைத்தான்: ஃபைப்ரோபிளாஸ்ட் முன்னே போய்த் தடம் வெட்ட, செதிள் புற்றுச்செல்கள் அந்தத் தடத்தில் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. 2011-இல் விஸ்கான்சினில் டேவிட் பீபி குழு நுண்பாய்மச் சிப்பில் மார்பக நாளப் புற்றுச்செல்களையும் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தது. சுரப்புகள் மட்டுமே வந்தபோது செல்கூட்டங்களின் வடிவம் மாறத் தொடங்கியது. முழுதாக ஊடுருவும் நிலைக்குப் போக இரண்டும் தொட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியென்றால் தூரத்தை நம் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது?

டிரான்ஸ்வெல்லில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே தூரங்கள். கிண்ணத்தின் அடியில் ஒன்று, சவ்வின் மேல் ஒன்று என்று வளர்த்தால் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர். சவ்வைக் கவிழ்த்து அதன் இருபுறமும் வளர்த்தால் சவ்வின் தடிமன், அதாவது சுமார் 10 மைக்ரோமீட்டர். இடையில் எதுவும் இல்லை. ஒரு சிறிய புரதம் ஜெல்லுக்குள் 100 மைக்ரோமீட்டர் பரவ ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். 1 மில்லிமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகும், ஏனென்றால் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகிறது. போதாததற்கு, 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு அரை மில்லிலிட்டருக்கும் மேலாக மீடியம் (செல்களின் ஊட்டத் திரவம்) ஊற்றுகிறோம். சுரந்தது அதிலேயே நீர்த்துப்போகும். சிப்பில் சில பத்து மைக்ரோலிட்டர்தான்.

ஆயத்த சிப்களில் சிங்கப்பூரின் எய்ம் பயோடெக், நெதர்லாந்தின் மைமெட்டாஸ் இரண்டும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். மைமெட்டாஸ் தட்டு 384 குழித் தட்டின் அளவிலேயே இருக்கிறது. பம்ப் வேண்டாம், ஆட்டும் மேடையில் வைத்தால் மீடியம் ஓடும். ஆனால் தடத்தின் அகலம் அவர்கள் வைத்ததுதான். அந்தத் தட்டுகளில் நான் நீண்டகாலம் வேலை செய்ததில்லை, அதனால் ஓட்டத்தின் சீர்மை பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

நாமே வார்த்தால் நடுத் தடத்தின் அகலம் ஒரு வரைபடக் கோடு, அவ்வளவுதான். எங்கள் சிப்பில் ஐந்து தடங்கள்: இரு ஓரங்களிலும் மீடியம், உள்ளே புற்றுச்செல் ஜெல், வெற்றுக் கொலாஜன், ஃபைப்ரோபிளாஸ்ட் ஜெல். நடுவே உள்ள வெற்றுத் தடத்தை 100, 250, 500, 1000 மைக்ரோமீட்டர் என்று அச்சாகப் பயன்படும் ஒரே சிலிக்கன் தட்டில் செதுக்கினோம். அந்தத் தடமே இல்லாத வடிவமும் ஒன்று உண்டு, அதில் செல்கள் நேராகத் தொட்டுக்கொள்ளும். வெற்றுக் கொலாஜனை முதலில் ஊற்றி இறுகவிட்டு, அப்புறம் செல் உள்ள இரண்டையும் ஊற்றுவது நல்லது. அப்படிச் செய்தால் செல்கள் மீடியம் இல்லாமல் காத்திருக்க வேண்டியிருக்காது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நகரும், ஜெல்லையும் சுருக்கும். முதல் நாள் 500 மைக்ரோமீட்டர் என்பது நான்காம் நாளும் அப்படியே இருக்காது. தினமும் ஒரே இடத்தைப் படமெடுத்து உண்மையான இடைவெளியை அளந்தால்தான் முடிவுக்கு மதிப்பு. சிப்பின் அடி மெல்லிய கண்ணாடி என்பதால் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் இதைச் செய்வது சுலபம். டிரான்ஸ்வெல்லின் சவ்வு வழியாக இதே படத்தை எடுப்பது பெரும்பாடு.

பராமரிப்பு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தூசியற்ற அறை வார்ப்பு அச்சைச் செய்ய மட்டும்தான் தேவை, அதை வெளியே கொடுத்தும் வாங்கலாம். பிறகு சிலிக்கோனும் இறுக்கும் பொருளும் 10க்கு 1 என்ற கலவை, அடுப்பு, சிப்பைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் பிளாஸ்மா கருவி போதும். பிளாஸ்மா பட்டதும் பரப்பு நீரை ஈர்க்கும். அப்படியே கொலாஜனை ஊற்றினால் தடங்களைப் பிரிக்கும் சிறு தூண்களுக்கு இடையே நிற்காமல் பக்கத்துத் தடத்துக்கு வழியும். ஒட்டியபின் 80 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து, பரப்பு மறுபடி நீரை விலக்கும்படி செய்தபிறகே ஊற்ற வேண்டும்.

மருந்து சோதனை என்றால் என் பரிந்துரை மாறும். நீரை விலக்கும் சிறு மூலக்கூறுகளை பி.டி.எம்.எஸ். உறிஞ்சிக்கொள்ளும். இதை 2006-லேயே பீபியும் மைக்கேல் டோப்கேவும் எழுதிவிட்டார்கள். நீங்கள் கொடுத்த அளவு வேறு, செல்லுக்குப் போய்ச் சேர்ந்த அளவு வேறு என்றாகிவிடும். அங்கே ஆயத்த பிளாஸ்டிக் சிப்பே சரி.

அடுத்த விதிவிலக்கு, ஆர்.என்.ஏ. எடுத்து மரபணு வெளிப்பாட்டை அளப்பது. ஒரு சிப்பில் கிடைப்பது சில ஆயிரம் செல்கள்தான். பல சிப்களைச் சேர்த்து, கொலாஜனைக் கரைத்து, இரண்டு வகைகளையும் ஒளிரும் நிறத்தால் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குள் சில மரபணுக்களின் வெளிப்பாடே மாறிவிடலாம். டிரான்ஸ்வெல்லில் சவ்வைத் தூக்கினால் இரண்டும் தனித்தனி. அதனால் சுரப்புகளின் பாதிப்பை மட்டும் மரபணு அளவில் பார்க்கும்போது நாங்களும் டிரான்ஸ்வெல்லைத்தான் எடுக்கிறோம்.