பேச்சு வராத குழந்தைக்கு வீட்டில் எது உதவும்: சைகையா, பட அட்டையா, டேப்லெட்டா?

மூன்று, நான்கு வயதாகியும் சொல் வராத ஆட்டிசக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: கைச் சைகை, பட அட்டை, டேப்லெட்டில் பேசும் செயலி. தெரபி அறையில் எது அழகாக நடக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் அது நிற்காது. காலை இட்லியிலிருந்து இரவு படுக்கை வரை அப்பா, அம்மா, பாட்டி, அக்கா எல்லாரும் எதைப் புழங்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், அட்டையில் தொடங்கி, சில மாதங்களுக்குள் டேப்லெட்டையும் சேர்த்து, நான்கைந்து சைகைகளைத் துணைக்கு வைத்துக்கொள்வதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

எதைத் தொடங்கும் முன்பும் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பாததற்கு ஆட்டிசம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொரு பயம், ‘அட்டையைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ’ என்பது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட வழிகளைக் கற்பித்ததைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், நம்பகமான முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. ஆகவே பேச்சுக்காகக் காத்திருந்து வருடங்களை இழக்க வேண்டாம்.

சைகைக்குச் செலவில்லை, தொலையாது, தண்ணீரில் நனையாது. ஆனால் பார்த்துப் பின்பற்றுவதே பல ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கடினம். விரல்களும் சொன்னபடி மடங்காது. குழந்தை தன் வசதிக்கு மாற்றிச் செய்யும் சைகை அம்மாவுக்குப் புரியும், பள்ளி ஆயாவுக்குப் புரியாது. ‘இன்னும்’ என்பதை முதல் சைகையாகக் கற்பிப்பது பரவலாக நடக்கும் தவறு. எது கேட்டாலும் குழந்தை அதையே செய்யும். என்ன வேண்டும் என்று நாம் ஊகித்துக்கொண்டிருப்போம். தண்ணீர், பாத்ரூம், போதும், வேணாம் என்று திட்டமான பொருள் உள்ளவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட அட்டை முறையை 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கினார்கள். அட்டையைத் தொட்டுக் காட்டுவதோடு இது முடிவதில்லை. எடுத்து வந்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதைக் குழந்தை அதில்தான் கற்கிறது.

அட்டை 5 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். உங்கள் வீட்டு டம்ளர், உங்கள் வீட்டு முறுக்கு டப்பா ஆகியவற்றை வெற்றுப் பின்னணியில் போட்டோ எடுத்து, லேமினேட் செய்யும்போது ஓரத்தில் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள், படத்தை ஒட்டி வெட்டினால் ஈரம் புகுந்து பிரிந்துவிடும். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் எல்லா அட்டையிலும், மெத்துப் பக்கம் அவற்றை ஒட்டிவைக்கும் ஃபைலிலும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி போடுங்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. முறுக்கைச் சின்னச் சின்னதாகப் பத்துத் துண்டாக உடைத்து அம்மா எதிரே உட்கார, அப்பா குழந்தைக்குப் பின்னால் இருப்பார். குழந்தை முறுக்கை நோக்கிக் கை நீட்டும்போது, அப்பா வாய் திறக்காமல் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுக்கவைத்து, அம்மாவின் உள்ளங்கையில் போடவைப்பார். போட்ட நொடியே ‘முறுக்கு!’ என்று சொல்லித் துண்டு கொடுக்க வேண்டும். இடையில் ‘என்ன வேணும்?’ என்று கேட்டுவிட்டால், கேள்வி வரும்வரை காத்திருக்கத்தான் குழந்தை பழகும். அம்மா முன்கூட்டியே கையை நீட்டினாலும் இதேதான். அப்பாவின் உதவியைக் கடைசியிலிருந்து விலக்குங்கள்: முதலில் கையில் போடுவதைக் குழந்தையே செய்யட்டும், பிறகு நீட்டுவதை, பிறகு எடுப்பதை.

இது பழகியதும் ஃபைலைக் கொஞ்சம் தூரத்தில் வையுங்கள், அம்மாவும் அடுத்த அறைக்குப் போகட்டும். அதன்பின் இரண்டு அட்டைகள்: பிடித்த முறுக்கு, பிடிக்காத சாக்ஸ். சாக்ஸ் அட்டையைக் கொடுத்தால் சாக்ஸையே கொடுங்கள்; வித்தியாசம் அங்கேதான் உறைக்கும். அட்டைகளை வரிசையாக ஒட்டி வாக்கியமாக்கும் வாக்கியப் பட்டைக்கு வரும்போது ஆங்கில மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். அதில் ‘எனக்கு வேண்டும்’ அட்டை இடது ஓரத்தில் இருக்கும். நம் வீட்டில் ‘முறுக்கு வேணும்’ என்றுதான் பேசுகிறோம், எனவே ‘வேணும்’ வலது ஓரத்தில்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொண்டு ‘அட்டை கொடு’ என்று நிற்கக் கூடாது. நொறுக்குத்தீனி, ஊஞ்சல், சோப்பு நுரைக் குமிழி போதும்.

அட்டை நூறைத் தாண்டும்போது ஃபைல் கனத்துவிடும், வேண்டிய படம் கிடைக்காமல் குழந்தை கோபப்படும். டேப்லெட் அங்கே கைகொடுக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் பேசும். அட்டை முறையின் எல்லாக் கட்டங்களையும் முடித்தால்தான் இது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி எந்த முன்தகுதியும் கிடையாது.

இதற்குச் செலவு அதிகம், சார்ஜ் இறங்கும், கீழே விழும். அதைவிடப் பெரிய சிக்கல், அதே டேப்லெட்டில் யூடியூப் இருப்பது. இருந்தால் அது பேசும் கருவியாக இருக்காது. பேசுவதற்கென்று தனியாக வைத்து, வேறு செயலிக்குப் போக முடியாதபடி பூட்டும் வசதியை (ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங்) போட்டுவிடுங்கள். திரையில் சொற்களின் இடத்தை மாற்றவே கூடாது, கை இடத்தை வைத்துத்தான் நினைவு கொள்கிறது. நான்கு பட்டனில் தொடங்கிப் பிறகு நாற்பதுக்குப் போனால் எல்லாம் இடம் மாறும். முதலிலேயே நிறைய பட்டன் உள்ள திரையை வைத்து, தேவையில்லாதவற்றை மறைத்துவையுங்கள். பொருட்பெயர்களை மட்டும் அடுக்காமல் வா, போ, குடு, போதும், வேணாம், வலிக்குது ஆகியவற்றைச் சேருங்கள்.

வாங்கிக் கொடுத்துவிட்டு ‘அழுத்து, அழுத்து’ என்பதால்தான் பல டேப்லெட்டுகள் அலமாரிக்குப் போகின்றன. முதலில் நீங்கள் அதில் பேச வேண்டும். தோசை வார்க்கும்போது ‘சூடு’, செருப்பு மாட்டும்போது ‘போ’ என்று சொல்லிக்கொண்டே அழுத்துங்கள். குழந்தை ஒரு சொல்லில் இருந்தால் நீங்கள் இரண்டு சொல்லில் பேசுங்கள். பிறகு பத்து நொடி சும்மா இருங்கள். அந்தப் பத்து நொடி மிக நீளமாகத் தெரியும், ஆனாலும் பொறுங்கள்.

குழந்தையின் கையையோ முழங்கையையோ தொடர்ந்து பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் வாக்கியம் எழுதவைக்கும் முறையை யாராவது காட்டினால் விலகி நில்லுங்கள். பிடித்திருப்பவரின் சொற்களே அங்கே வருகின்றன. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2018இல் அதை வெளிப்படையாக எதிர்த்திருக்கிறது. மேலே சொன்ன முறுக்குப் பயிற்சியில் அப்பாவின் கை சீக்கிரமே விலகிவிடுகிறது. இங்கே அது விலகுவதில்லை.

எந்த வழியானாலும், முகம் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடும் பாட்டியிடம்தான் முதலில் பேச வேண்டும். அவருடைய அன்புக்குக் குறை சொல்லாமல், முறுக்கு டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும்படி எட்டாத தட்டில் வைத்து, அட்டை கைக்கு வந்ததும் எடுத்துக் கொடுக்கும் வேலையை அவரிடமே விடுங்கள். குழந்தை ‘வேணாம்’ அட்டையைக் கொடுக்கும் நாளும் வரும். மருந்து, ரோடு போன்ற விஷயங்களைத் தவிர மற்ற இடங்களில் அதை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் கவளத்தைக்கூடத் தட்டில் வைத்துவிடுங்கள்.