வேலூரில் பணம் கட்டி பெர்லினில் அறை பிடிக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

குடியாத்தம், காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய அப்பா அம்மாவும் கட்டாயம் படிக்க வேண்டும். "அங்கே இறங்கும்போதே ரூம் ரெடியாக இருக்கும், பணத்தை இங்கேயே கட்டிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவர்களிடம் ஒரே ஒரு தாளைப் பற்றிக் கேளுங்கள்: இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீடு கொடுப்பவர் கையெழுத்திட்டுத் தரும் தாள். அப்படி ஒரு தாள் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒன்றரை லட்சம் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் குடியாத்தம். அப்பா தறியில் லுங்கி நெய்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார். எனக்கு பெர்லினில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது 2025இல். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், அப்போது 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 12 லட்சம். கல்விக் கடன் வாங்கியும் போதாமல் அம்மாவின் நகை அடகுக்குப் போனது. வேலூரில் மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில்தான் விண்ணப்ப வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை, அதனால்தான் நம்பினோம். விசா கைக்கு வந்த வாரம் அங்கிருந்தவர் அப்பாவிடம், "அண்ணா, பையனப் பத்திக் கவலையே வேணாம். இறங்குனா சாவி கையில இருக்கும்" என்றார். மாத வாடகை 420 யூரோ, இரண்டு மாத அட்வான்ஸ், அவர்களுடைய கட்டணம் 24,000 ரூபாய். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். ஜிபேயில் இரண்டு தனி ஆட்களின் எண்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை சாயங்காலம் தோஹா வழியாக பெர்லினில் இறங்கினேன். அந்த ஊர் ரயில் டிக்கெட்டில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள் உண்டு. விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏஜென்ட் கொடுத்த தாளில் ஏபி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், அப்படியே எடுத்தேன். சாதாரண உடையில் வந்த பரிசோதகர் பிடித்து 60 யூரோ அபராதம் எழுதினார். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போகிறவர்கள் ஏபிசி டிக்கெட் எடுங்கள், முத்திரையும் குத்துங்கள்.

முகவரி வெடிங் பகுதியில் இருந்தது. அதில் "மூன்றாம் மாடி, கதவு எண் 14" என்று போட்டிருந்தது. வீட்டு வாசலில் போய் நின்றால் பலகை நிறைய அழைப்பு மணி பொத்தான்கள், எல்லாவற்றிலும் குடும்பப் பெயர்கள். எண் என்று ஒன்றுகூட இல்லை. அங்கே அடுக்கு வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் இருக்கிற பெயர்தான் அடையாளம். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்காரர் பெயர் இல்லாத ஒரு முகவரியை யாராவது கொடுத்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. இரண்டு பெட்டிகளோடு அரை மணி நேரம் வாசலில் நின்றேன்.

போன் செய்தபின் ஒருவர் வந்து பின்கட்டு வழியாக மேலே கூட்டிப் போனார். இரண்டு அறை வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். எனக்கு நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை. "ரூம் என்று சொன்னார்களே" என்றேன். "அதெல்லாம் உங்கள் ஆளைக் கேள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளை மூடிவிடுவார்கள், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை போல ஒரு சில மட்டும் திறந்திருக்கும். அந்த வீட்டில் இருந்த சித்தூர் பையன் ஒருவன் தன் சோற்றில் பாதியைக் கொடுத்தான். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும்.

பெரிய செய்தியையும் அவன்தான் சொன்னான். "இந்த வீட்டில் ஆன்மெல்டுங் கிடையாது, அண்ணா."

ஆன்மெல்டுங் என்பது குடியிருப்புப் பதிவு. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியப் போகும்போது, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். பெயரை உச்சரிக்க வராவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன தாள் இதுதான். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது.

எங்களை வைத்திருந்தவரே அங்கே வாடகைக்கு இருப்பவர். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வார், அதனால் யாருக்கும் போடவில்லை. எனக்கு அடுத்தடுத்து எல்லாம் நின்றது. பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும், பகுதிநேர வேலைக்கு அது வேண்டும். நான் போன வங்கியும் பதிவுச் சான்று கேட்டது. வங்கிக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வரவேண்டிய 992 யூரோ வரவில்லை. 12 லட்சம் என் பெயரில் இருக்கிறது, கையில் ரொட்டிக்குக் காசு இல்லை. வீட்டில் கேட்டபோதெல்லாம் ரூம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தூங்கமாட்டார்.

இந்த நேரத்தில் இன்னொருவர் வந்து, 300 யூரோ கொடுத்தால் வேறு ஒரு முகவரியில் பதிவு செய்து தருகிறேன் என்றார். நல்ல வேளை, சித்தூர் பையன் தடுத்தான். குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டவிரோதம். அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட அங்கே சட்டம் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள், தயவுசெய்து போய் விழாதீர்கள்.

பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, ஈழத்தமிழர்கள் கட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா வந்து, "சாப்பிட்டிட்டீங்களோ தம்பி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அழுதுவிட்டேன். அவர் தெரிந்தவர்களிடம் சொல்லி, லிச்டன்பெர்க் பகுதியில் ஒரு மாணவர் வீட்டில் சிறிய அறை கிடைத்தது. வாடகை 30 யூரோ அதிகம், ஆனால் முதல் நாளே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில்தான் பதிவு முடிந்தது.

வேலூரில் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். அப்பா அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை பஸ் ஏறிப் போனார். மூன்றாவது முறை, "நாங்க அட்வைஸ் மட்டும்தான் குடுக்கறோம், ரூமுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சி ரசீதை எடுத்துப் படித்தாள். ஒன்றரை லட்சத்துக்கும் சேர்த்து "கன்சல்டன்சி சார்ஜஸ்" என்று ஒரே வரி. அறை, அட்வான்ஸ், வாடகை, எந்தச் சொல்லும் அதில் இல்லை. ஆனால் "ரூம் கன்ஃபார்ம்" என்று அந்த அலுவலகக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை அப்பா அழிக்காமல் வைத்திருந்தார். அதோடு ஜிபே விவரங்களையும் சேர்த்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் 24,000 திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பலருக்கு இது தெரியாமல் போன பணம் போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். முகம் தெரியாத வீட்டுக்காரருக்கு ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அட்வான்ஸ் பற்றியும் ஒன்று. ஜெர்மன் சட்டப்படி அது அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போது கொடுத்தால் போதும். ஒப்பந்தமே இல்லாமல் இரண்டு மாதம் முன்பே முழுத் தொகையையும் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்று மெயில் வந்தாலும் அப்படித்தான். இடம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்து வரிசையில் பெயரைப் போடுங்கள், பெர்லினில் வரிசை நீளம். முதல் சில நாட்களுக்குப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் படுக்கை எடுத்துத் தங்கி, அறையை நேரில் பார்த்துவிட்டு, அந்தத் தாள் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.

யாராவது இப்போது பணம் கட்டுகிற கட்டத்தில் இருந்தால் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வகுப்பும் வேலையும் இல்லை, உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன்.