தேக்கா நிலையத்தில் சாப்பிடச் செல்வோருக்கு

சிங்கப்பூருக்கு வரும் உறவினர்கள் மூன்றாம் நாளில் நாக்குச் செத்துப்போய்விட்டது என்று சொல்லத் தொடங்கியதும், அவர்களைத் தேக்கா நிலையத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் முனையில், அடுக்குமாடி வீடுகளின் காலடியில், ஈரச்சந்தையும் உணவங்காடியும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. தோசை, இட்லி, வடை, வாழையிலைச் சாப்பாடு என்று வந்தவர்கள் கேட்கும் அத்தனையும் அங்கே உண்டு. ஆனால், அவற்றைச் சாப்பிடுவதற்காகத் தேக்காவுக்கு வர வேண்டியதில்லை என்பது பல ஆண்டுகளாக அங்கே சாப்பிட்டுவரும் என் கருத்து. தோசையை மதுரையிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிடலாம். தேக்காவில் தேடிப்பிடித்துச் சாப்பிட வேண்டியவை, பார்வைக்கு நம் ஊர்ப் பண்டங்களைப் போல இருந்துகொண்டு, வாயில் வைத்ததும் சீனத்தையும் ஜாவாவையும் அரபு நாட்டையும் நினைவூட்டுகிறவை. வானுயரக் கட்டடங்களையும் துடைத்துவைத்த நடைபாதைகளையும் மட்டும் பார்த்துவிட்டு, இந்த நகரம் ஆசியாவோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது என்று முடிவுகட்டுவோர் இங்கே ஒரு வேளை உணவு உட்கொள்ள வேண்டும்.

இடத்தின் பெயரிலேயே அந்தக் கலப்பு தொடங்கிவிடுகிறது. ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் வளர்ந்திருந்ததால் ஹொக்கியன் சீனர்கள் இப்பகுதியை ‘மூங்கிலின் அடி’ என்னும் பொருளில் தெக் கா என்று அழைத்தார்கள். அது நம்மவர் வாயில் தேக்காவாகிவிட்டது. மாடு வளர்ப்பும் மாட்டு வணிகமும் நடந்த இடம் என்பதால் மலாய்க்காரர்கள் கண்டாங் கர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றார்கள். அருகிலுள்ள மகப்பேற்று மருத்துவமனை இன்றும் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைத்தான் சுமக்கிறது. பக்கத்துச் சாலை ஆங்கிலத்தில் பஃபலோ சாலை. 1915 முதல் சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறம் நின்ற பழைய சந்தைக்குப் பதிலாக 1982இல் இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டபோது, அதே மூங்கிலடியை மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர் மக்களிடம் எடுபடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்றே மாற்றினார்கள்.

இத்தகைய உணவங்காடி நிலையங்கள் தெருவோர வியாபாரத்துக்கு அரசு கொடுத்த கூரைகள் எனலாம். 1968-69இல் தெருவோர உணவு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை படிப்படியாக அவர்களை இத்தகைய கட்டடங்களுக்குள் குடியமர்த்தினார்கள். பாங்காக்கிலும் பினாங்கிலும் இன்னும் சாலையோரத்தில் எரியும் அடுப்பு இங்கே தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் உள்ள சிறு கடைக்குள் எரிகிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் சொத்துகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் வாங்க வேண்டியது இந்திய ரோஜாக். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர, இந்தியாவில் எந்த ஊரிலும் இதைக் கேட்டு வாங்க முடியாது. ரோஜாக் என்பது மலாயில் கலவையைக் குறிக்கும் சொல். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பவற்றில் வேண்டியதை நாமே எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும்: மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை, இறால் வடை, தேங்காய் வடை, சீனர்களின் தவ்வா என்னும் சோயாக் கட்டி, ஜாவாவிலிருந்து வந்த தெம்பே என்னும் புளித்த சோயா, மீன் உருண்டை. கடைக்காரர் அவற்றை மீண்டும் எண்ணெயில் போட்டெடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, வெள்ளரியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, சிவந்த குழம்பு ஒன்றைக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார். இனிப்பும் காரமுமான அக்குழம்பு சர்க்கரைவள்ளிக் கிழங்கால் கெட்டிப்பட்டது. அதைக் கண்டு ஊரிலிருந்து வந்த என் பெரியம்மா முதலில் முகம் சுளித்தார், பிறகு இரண்டாம் கிண்ணம் கேட்டார். சீனத்துத் தவ்வாவையும் ஜாவாவின் தெம்பேயையும் ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்காரர் நம் பஜ்ஜியோடு ஒரே எண்ணெயில் பொரித்து, மலாய்ப் பெயர் சூட்டி விற்கும் இந்தத் தட்டைவிடப் பொருத்தமான அறிமுகம் இந்த ஊருக்கு இருக்க முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை என்பதால், கண்டதையெல்லாம் எடுத்து வைத்தால் கணக்கு பிரியாணி விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது மீ கோரெங். மீ ஹொக்கியன் சொல், கோரெங் மலாய்ச் சொல். சமைப்பவரோ பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டியெடுத்து, எலுமிச்சையோடு தருவார்கள். நிறம் மிரட்டினாலும் காரம் அவ்வளவில்லை. மூர்த்தபாவின் பயணம் இன்னும் நீண்டது. மடித்தது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏமன் பக்கத்துப் பண்டம். கீழத்தஞ்சை முஸ்லிம் ஊர்களில் முர்தபா, இந்தோனேசியாவில் மர்தபாக். மெல்லிய மாவை விசிறி, கைமாவும் வெங்காயமும் முட்டையும் வைத்து மடித்துச் சுட்டு, குழம்போடு கொடுக்கிறார்கள். இந்த இரண்டையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பிரியாணி விஷயத்தில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. மதிய வேளையில் மிக நீண்ட வரிசைகள் பிரியாணிக் கடைகளின் முன்தான் நிற்கின்றன, சோறும் கறியும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும், ஆம்பூரையோ திண்டுக்கல்லையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது மென்மையாகத் தோன்றும்; நெய் மணம் தூக்கலாகவும் மிளகாய் அடக்கமாகவும் இருக்கும், பக்கத்தில் ஊறுகாய்க் காய்களும் தால்ச்சாவும் வரும். ஒப்பிடாமல் சாப்பிட்டால் மகிழ்ச்சி நிச்சயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்குச் சாவகாசமாகப் போய், காலி அண்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியது முழுக்க என் பிழை. பன்னிரண்டு மணிக்குள் சென்றுவிடுவது நல்லது.

குடிப்பதற்கு என்ன வாங்குவது என்பது மொழிப்பாடமாகவே விரியக்கூடிய விஷயம். இங்கே தேநீரைத் தே என்றே கேட்க வேண்டும். நாம் தேயிலை, தேநீர் என்று சொல்லும்போது முன்னால் நிற்கும் ‘தே’யும் ஹொக்கியன் துறைமுகங்களிலிருந்து கடல்வழியே பரவிய அதே சொல்தான், வட இந்தியர்களின் சாய், ‘சா’ என்னும் இன்னொரு சீன ஒலிப்பின் வழியில் வந்தது. எனவே, தேக்காவில் ஒரு சீன முதியவரும் ஒரு தமிழரும் அருகருகே நின்று தே கேட்கும்போது, இருவரில் எவரும் அடுத்தவர் மொழியைக் கடன் வாங்கவில்லை. அல்லது, கடன் வாங்கிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பாலில்லாததற்குத் தே-ஓ, ஓ என்பது ஹொக்கியனில் கறுப்பு. சர்க்கரையும் வேண்டாமென்றால் தே-ஓ கோசோங். கோசோங் என்பது மலாயில் வெறுமை. இரண்டு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றித் தருவது தே தாரிக். தாரிக் என்றால் இழு. டீக்கடை வாசலில் வளர்ந்தவர்களுக்கு அப்படி ஆற்றுவது புதிதில்லை, ஆனால் கெட்டிப் பாலின் இனிப்பு புதிது. காப்பியைக் கோப்பி என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு அது சொந்த வீட்டுச் சொல். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கறுக்க வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடித்தெடுக்கும் அந்தக் கோப்பி கும்பகோணம் வழிக்கு வராது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம்.

சாப்பிட்டபின் சந்தைப் பகுதியை ஒரு சுற்று சுற்றாமல் திரும்பக் கூடாது. தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாழைப்பூவும் ஒரு பக்கம். சீனத்துப் பூண்டும் மலேசியாவின் கேமரன் மலைக் கீரைகளும் மறுபக்கம். பனிக்கட்டி மேல் வஞ்சிரமும் வாவலும் நண்டும். ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது; தமிழில் கண்டம் என்ற ஒரே சொல் நிலப்பரப்பையும் இறைச்சித் துண்டையும் குறிப்பது எனக்கு எப்போதும் அந்தக் கடைகளின் முன்தான் நினைவுக்கு வரும். இந்த நகரம் தான் உண்பதில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அந்தப் புள்ளிவிவரத்தின் பொருள் 2022 ஜூனில் அடுப்படிக்கே வந்து சேர்ந்தது: மலேசியா தன் மக்களுக்கே கோழி போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கோழியை அங்கிருந்து பெற்றுவந்த சிங்கப்பூரில், ஹைனான் தீவினர் கொண்டுவந்த கோழிச் சோற்றுக் கடைகள் தவித்துப்போயின. அடுத்த ஆண்டு இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடைவிதித்தபோது, சிங்கப்பூர் கேட்டுக்கொண்டதன் பேரில் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆசியாவின் செல்வந்த நகரம் அண்டை நாட்டு வயலிலும் பண்ணையிலும் நடப்பதைத் தன் தட்டில் உணர்கிறது. சந்தைக்கு வாரந்தோறும் வருகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலைக் கட்டின் பருமனைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

மாடியில் சேலைக் கடைகளும் சுடிதார்க் கடைகளும் தையற்காரர்களும் உண்டு. சாப்பாட்டை எழுத வந்த இடத்தில் அவற்றை விட்டுவிடுகிறேன். உணவுப் பகுதிக்குக் குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறிதான், நண்பகலில் வியர்க்கும். ஞாயிறு மாலையில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அது ஒன்றே ஓய்வு நேரம் என்பதால், சுற்றுலா வருபவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுப்பது நியாயம். காலி மேசையில் கைக்குட்டைத்தாள் பொட்டலம் ஒன்று கிடந்தால், யாரோ தவறவிட்டது என்று எடுத்துவிட வேண்டாம். அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுந்து செல்லும்போது தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் கட்டாயம். தட்டு வைக்கும் அடுக்குகள் இரண்டு வகை, ஒன்று ஹலால் தட்டுகளுக்கு, மற்றது ஏனையவற்றுக்கு. பன்றி எலும்புச் சாற்றில் இறால் நூடுல்ஸ் சாப்பிட்ட சீனப் பெண்மணியும் மூர்த்தபா சாப்பிட்ட நானும் சென்ற வாரம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எழுந்தபோது அவர் என் தட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு, எது எந்த அடுக்கு என்று தாமாகவே கையால் காட்டினார்.